பல்லுக்குச் சூடு: எதற்கு, எவ்வளவு, எத்தனை வினாடி

பல் டாக்டரிடம் சூடான கருவிகளுக்கு முக்கியமாக இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, பல்லுக்குள் இருக்கும் நரம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று சோதிப்பது. இன்னொன்று, ஈறு மாதிரியான மென்மையான சதையை வெட்டுவது, ரத்தம் கசிந்தால் நிறுத்துவது. முதல் வேலையில் எதுவுமே கருகக் கூடாது, பல்லுக்கு ஒரு சின்னத் தூண்டுதல் கொடுத்து அது என்ன சொல்கிறது என்று கேட்பதோடு சரி. இரண்டாவதில் மெல்லிய ஒரு படலத்தைச் சூட்டால் அழிப்பதுதான் நோக்கமே. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, "பல்லில் சூடு வைப்பார்களாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வலியோடு மாதக்கணக்கில் வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை விளக்கமாக எழுதுகிறேன்.

முதலில் பல்லின் அமைப்பைப் பார்த்துவிடலாம். வெளியே தெரியும் வெள்ளைப் பகுதி எனாமல். அதில் நரம்பு கிடையாது. அதற்கு உள்ளே டென்டின். அதற்கும் உள்ளே, பல்லின் நடுவில், ரத்தக் குழாய்களும் நரம்பு இழைகளும் நிறைந்த பற்கூழ். டென்டின் பார்க்கத்தான் கெட்டியாக இருக்கும், உண்மையில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் பல்லாயிரக்கணக்கான நுண்குழாய்கள் ஓடுகின்றன, அவற்றில் திரவம் இருக்கிறது. சுவீடனைச் சேர்ந்த மார்ட்டின் பிரன்ஸ்ட்ரோம் 1960களில் சொன்ன விளக்கம்தான் இன்றும் பாடமாக இருக்கிறது: பல்லின் மேல் சூடோ குளிரோ பட்டால் இந்தத் திரவம் நகர்கிறது, அந்த நகர்வு நரம்பு நுனியைத் தூண்டுகிறது, நமக்குச் சுருக்கென்கிறது.

பற்கூழில் இருக்கும் வலி நரம்புகள் முக்கியமாக இரண்டு வகை. ஒரு வகை வேகமானது, கூர்மையான வலியைச் சட்டென்று சொல்லிவிட்டு அடங்கிவிடும். ஐஸ்கிரீம் கடித்தால் வரும் கூச்சம் இதன் வேலை. இன்னொரு வகை மெதுவானது, ஆழத்தில் இருப்பது. சாதாரணமாக அது பேசாது. பற்கூழில் அழற்சி முற்றும்போது, அதிலும் சூடு படும்போது, விண் விண் என்று தெறிக்கிற, எந்தப் பல் என்றே காட்ட முடியாத, நீண்ட நேரம் அடங்காத வலியாக அது வெளிப்படும். சூட்டுச் சோதனை குறிவைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைத்தான். குளிர்ச் சோதனை இருக்கும்போது சூட்டுச் சோதனை எதற்கு என்ற கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது.

உண்மையில் அன்றாடம் அதிகம் செய்யப்படுவது குளிர்ச் சோதனைதான். பஞ்சில் குளிர்விக்கும் ஸ்பிரேயை அடித்து, உறைந்துபோன அந்தப் பஞ்சைப் பல்லின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். வேகமாக முடியும், பல்லுக்கும் ஆபத்து குறைவு. ஆனால் ஒருவர் வந்து, "டாக்டர், காபி குடித்தால் உயிர் போகிறது, ஐஸ் தண்ணீர் கொப்பளித்தால்தான் அடங்குகிறது" என்று சொன்னால், அப்போது சூட்டை வைத்துப் பார்ப்பதே பொருத்தம். எந்தத் தூண்டுதலால் வலி வருகிறதோ அதையே திரும்பக் கொடுத்து, எந்தப் பல் என்று கண்டுபிடிக்க வேண்டும். கையில் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலோடு, ஒரு வாய் ஊற்றிக்கொண்டே கிளினிக்குக்குள் நுழைகிறவர்களைப் பல் டாக்டர்கள் எல்லோருக்கும் தெரியும். பற்கூழ் வீங்கி, ஆனால் அதைச் சுற்றிக் கெட்டியான சுவர் இருப்பதால் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறி நிற்கிறது. சூடு அதைக் கூட்டுகிறது, குளிர் ரத்தக் குழாய்களைச் சுருக்கிக் கொஞ்சம் தணிக்கிறது. ஐஸ் தண்ணீர் அவருக்கு ஏன் ஆறுதல் தருகிறது என்பதற்குச் சொல்லப்படும் காரணம் இதுதான்.

சரி, சூட்டுச் சோதனையை எப்படிச் செய்வார்கள்?

பழைய முறை, இன்றும் பல கிளினிக்குகளில் இருக்கும் முறை, கட்டாபெர்ச்சா குச்சி. மலாய் தீபகற்பத்திலும் போர்னியோ, சுமத்ரா பக்கமும் வளரும் ஒரு மரத்தின் பாலிலிருந்து வருகிற ரப்பர் போன்ற பொருள் அது. 19ஆம் நூற்றாண்டில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு உறை போட்டதும் இதைக் கொண்டுதான். சாதாரணச் சூட்டில் கெட்டி, சூடேற்றினால் களி மாதிரி இளகும். சுமார் 65 டிகிரி செல்சியஸ் வாக்கில் நன்றாக இளகிப் பளபளப்பாகிவிடும். ஸ்பிரிட் விளக்கில் குச்சியின் நுனியைக் காட்டி, அது இளகிப் பளபளத்ததும், புகை வருவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பல்லை உலர்த்திவிட்டு மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுவார்கள், இல்லாவிட்டால் இளகிய குச்சி பல்லிலேயே ஒட்டிக்கொண்டு சூட்டைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருக்கும். அந்த வாஸ்லினைத்தான் அவசரத்தில் மறந்துவிடுகிறார்கள். படிக்கிற பிள்ளைகள் இதைப் படித்தால் தயவுசெய்து மறக்காதீர்கள்.

பல்லின் வெளிப்பக்கத்தில், நடுப்பகுதியில் வைப்பார்கள். ஈறில் படக் கூடாது. வலி தெரிந்ததும் எடுத்துவிட வேண்டும், எதுவும் தெரியாவிட்டாலும் 5 வினாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதுதான் பொதுவான கணக்கு. குளிரோடு ஒப்பிட்டால் சூட்டுக்குப் பதில் கொஞ்சம் தாமதமாக வரும், அதனால் எடுத்த பிறகும் சில வினாடிகள் காத்திருந்து பார்க்க வேண்டும். உடனே பக்கத்துப் பல்லுக்குப் போய்விட்டால், முதல் பல்லின் வலி இரண்டாவது பல்லின் கணக்கில் எழுதப்பட்டுவிடும்.

மின்சாரத்தில் சூடேறும் முனைகளும் இருக்கின்றன. வேர் சிகிச்சையில் (ரூட் கெனால்), பற்கூழை எடுத்துவிட்டு அந்த இடத்தை அடைக்கும் கட்டாபெர்ச்சாவை இளக்குவதற்கென்று வந்த கருவிகளில் சிலவற்றுக்குச் சோதனைக்கென்றே தனி முனை உண்டு. நெருப்பு தேவையில்லை, சூட்டின் அளவைக் கருவியிலேயே அமைத்துக்கொள்ளலாம். இன்னொரு நல்ல முறை, பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்கிற மெல்லிய ரப்பர் விரிப்பைக் கட்டி அந்த ஒரு பல்லை மட்டும் தனியாக்கி, சிரிஞ்சில் சூடான தண்ணீரை எடுத்து அதன் மேல் விடுவது. கேப் போட்ட பல்லுக்கு என் கணக்கில் இதுதான் சிறந்தது, ஏனென்றால் தண்ணீர் பல்லை முழுவதுமாகச் சூழ்ந்துகொள்கிறது, குச்சியின் நுனி தொடுவது ஒரே ஒரு புள்ளியை. நேரம் பிடிக்கும், ஒவ்வொரு பல்லுக்கும் மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும், அதனாலேயே பலர் செய்வதில்லை. செய்கிற டாக்டர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

சோதனையைச் சந்தேகப்படும் பல்லில் தொடங்க மாட்டார்கள். மறுபக்கத்தில் இருக்கும் அதே மாதிரியான நல்ல பல்லில் முதலில் வைப்பார்கள். "வலிக்கிற பல்லை விட்டுவிட்டு எங்கேயோ செய்கிறாரே" என்று நினைக்க வேண்டாம். உங்களுக்குச் சாதாரணமாக எவ்வளவு தெரிகிறது என்ற அளவுகோல் அவருக்கு வேண்டும். உங்களுக்கும் இந்த உணர்வு பழகிவிடும். சூடோ வலியோ தெரிந்ததும் கையைத் தூக்குங்கள், அது முழுதும் அடங்கியதும் கையை இறக்குங்கள். கை எவ்வளவு நேரம் மேலே இருந்தது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

நல்ல பல்லில் லேசாகத் தெரிந்து, எடுத்ததும் சில வினாடிகளில் அடங்கிவிடும். பற்கூழில் லேசான அழற்சி மட்டும் இருந்தால், கூர்மையாக வலிக்கும், ஆனால் எடுத்ததும் சீக்கிரம் போய்விடும். இந்தப் பல்லைச் சொத்தை எடுத்து அடைத்தே காப்பாற்றிவிடலாம். எடுத்த பிறகும் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று வலி இழுத்துக்கொண்டே போனால் அழற்சி திரும்ப முடியாத இடத்துக்குப் போய்விட்டது என்று எடுத்துக்கொள்வார்கள், பெரும்பாலும் வேர் சிகிச்சைதான் அடுத்த பேச்சு. எதுவுமே தெரியவில்லை என்றால் பற்கூழ் இறந்திருக்கலாம்.

இந்த "இருக்கலாம்" முக்கியம். சோதனை கேட்பது நரம்பை. பல் உயிரோடு இருப்பதோ ரத்த ஓட்டத்தால். நரம்பு பதில் சொல்லாமலே ரத்த ஓட்டம் இருக்க முடியும். கீழே விழுந்து அடிபட்ட முன்பல் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் எந்தச் சோதனைக்கும் பதில் சொல்லாமல் இருந்துவிட்டு அப்புறம் மெல்லத் திரும்பும், அதை அவசரப்பட்டுச் செத்த பல் என்று முடிவு கட்டினால் ஒரு குழந்தையின் நல்ல பல்லை வீணாகத் துளைத்ததாகிவிடும். புதிதாக முளைத்து வேர் இன்னும் முடியாத பற்களில் பதில் நம்பகமாக இருக்காது. வயதானவர்களுக்கு உள்ளே டென்டின் படிந்து பற்கூழ் சுருங்கியிருக்கும், சூடு போய்ச் சேரவே கஷ்டம். மூன்று வேர் உள்ள கடைவாய்ப் பல்லில் ஒரு வேரில் உயிர் இருந்து மற்ற இரண்டில் இல்லாமல் இருக்கலாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு போனால் பதில் மழுங்கிவிடும். அதனால்தான் எக்ஸ்ரே, தட்டிப் பார்ப்பது, ஈறை அழுத்திப் பார்ப்பது, மின்சாரச் சோதனை என்று இன்னும் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. ஒரே ஒரு சூட்டுச் சோதனையை வைத்து "ரூட் கெனால் பண்ணியே ஆக வேண்டும்" என்றால், மற்ற சோதனைகள் என்ன காட்டின என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இந்த 5 வினாடிக் கட்டுப்பாடு ஏன் இவ்வளவு கறார்? 1965இல் சாக், கோஹன் என்ற இருவர் ரீசஸ் குரங்குகளின் பற்களில் செய்த ஆய்வை இன்றும் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். பற்கூழின் வெப்பம் சுமார் 5.5 டிகிரி ஏறியபோது 15 சதவீதப் பற்களில் பற்கூழ் மீளவில்லை. 11 டிகிரி ஏறியபோது அது 60 சதவீதம். உடம்பின் சூட்டுக்கு மேலே ஐந்தாறு டிகிரி என்பது ஒரு நல்ல காய்ச்சலைவிடக் கொஞ்சம்தான் அதிகம். நாம் குடிக்கிற காபி அதைவிட எவ்வளவோ சூடு, ஆனாலும் பல் தப்பிக்கிறது, ஏனென்றால் எனாமலும் டென்டினும் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும், காபியும் நொடியில் தொண்டைக்குப் போய்விடும். ஆக, கருவியின் சூடு என்ன என்பதைவிட அது எத்தனை வினாடி தங்கியது என்பதே பல்லின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

எலும்புக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. சுவீடனின் எரிக்சனும் ஆல்பிரெக்ட்சனும் முயல்களின் எலும்பில் பார்த்து 1983இல் சொன்னது: 47 டிகிரி, ஒரு நிமிடம், அவ்வளவுதான் எல்லை. அதைத் தாண்டினால் எலும்பு சரியாக வளராது. இம்பிளான்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர், வைக்கத் துளை போடும்போது தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே துளைப்பது இதற்காகத்தான். வேர் சிகிச்சையில் சூடான முனையால் கட்டாபெர்ச்சாவை இளக்கி அழுத்துகிறார்களே, 1967இல் பாஸ்டனின் ஹெர்பர்ட் ஷில்டர் பிரபலமாக்கிய முறை, அங்கேயும் இதே கவலைதான். கருவியின் முனை 200 டிகிரி வரை போகும், ஆனால் வேரின் வெளிப்புறச் சூடு உடம்பின் சூட்டைவிட 10 டிகிரிக்கு மேல் ஏறிவிடக் கூடாது. அதனால் சில வினாடிகள் மட்டும் சூட்டை விட்டு உடனே நிறுத்துவார்கள். அந்த நேரத்தில் பல்லுக்குள் நரம்பே இருக்காது, மரத்துப்போக ஊசியும் போட்டிருப்பார்கள், எனவே வலிக்குமோ என்று பயப்பட வேண்டியதில்லை.

இனி ஈறுக்கு வருவோம். சதையைச் சூட்டால் சிகிச்சை செய்வது மிகப் பழைய வித்தை. சுஸ்ருதர் மரபில் அக்னிகர்மம், சித்த மருத்துவத்தின் புற மருத்துவங்களில் சுட்டிகை என்று நம் பக்கமும் இது இருந்திருக்கிறது. சுமார் 1000 வருடங்களுக்கு முன்பு ஸ்பெயினின் கோர்டோபா பக்கம் வாழ்ந்த அறுவை மருத்துவர் அல் சஹ்ராவி, பல்வலிக்குப் பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைக்கும்போது, வாயின் மற்ற பகுதி வெந்துவிடாமல் ஒரு குழாய்க்குள் விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார். மயக்க மருந்தே இல்லாத காலத்தில், சூடு வேண்டிய இடத்தில் மட்டும் பட வேண்டும் என்று யோசித்துக் குழாய் செய்த அந்த மனிதரை நினைத்தால் மரியாதை வருகிறது.

இன்று கிளினிக்கில் இருப்பவற்றில் இரண்டு வகையைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நோயாளிகள் மட்டுமல்ல, கருவியை விற்கிறவர்கள்கூட இரண்டையும் "காட்டரி" என்றே சொல்கிறார்கள். உண்மையான எலக்ட்ரோகாட்டரியில் மின்சாரம் ஒரு மெல்லிய கம்பியைச் சூடாக்குகிறது, சூடான கம்பி சதையைச் சுடுகிறது. மின்சாரம் உங்கள் உடம்புக்குள் வருவதே இல்லை. எலக்ட்ரோசர்ஜரி வேறு. அங்கே கம்பி தானாகச் சூடாகாது, வினாடிக்குப் பல லட்சம் முறை திசை மாறும் மின்னோட்டம் கம்பி நுனியிலிருந்து சதைக்குள் போகிறது, சதையின் எதிர்ப்பால் அங்கேயே, செல்லுக்குள்ளேயே சூடு பிறக்கிறது. வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி, அது நரம்பையும் தசையையும் உலுக்கும். லட்சக்கணக்கில் போகும்போது நரம்புக்கு அதைப் பின்தொடர முடியாது, அதனால் ஷாக் அடிக்காது. இந்த அடிப்படையில் வில்லியம் போவி செய்த கருவியை 1926 அக்டோபர் 1 அன்று பாஸ்டனில் மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் அறுவை சிகிச்சையில் பயன்படுத்திய பிறகுதான் இது உலகம் முழுக்கப் பரவியது.

இந்த வித்தியாசம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) வைத்திருப்பவருக்கு, உடம்புக்குள் மின்னோட்டம் விடும் எலக்ட்ரோசர்ஜரி அந்தக் கருவியைக் குழப்பிவிடலாம். கம்பியைச் சூடாக்கும் வகையில் அந்தக் கவலை இல்லை. எனவே உங்களுக்கோ வீட்டில் பெரியவர்களுக்கோ பேஸ்மேக்கர் இருந்தால், ஈறு வேலைக்கு உட்காரும் முன்பே, டாக்டர் கேட்கிறாரோ இல்லையோ, வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

எங்கெல்லாம் இது பயன்படுகிறது? பாதி முளைத்த கடைசிக் கடைவாய்ப் பல்லின் மேல் மூடிக்கிடந்து, சோறு சிக்கிச் சீழ் பிடிக்கிற ஈறு மடிப்பை நீக்க. வலிப்புக்கான ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் போன்ற மாத்திரைகளால் சிலருக்கு ஈறு வீங்கிப் பல்லை மூடும், அதைச் செதுக்க. கேப்புக்கு அளவு எடுக்கும் முன் பல்லைச் சுற்றி ஈறைக் கொஞ்சம் ஒதுக்க. பால்பல்லில் பற்கூழின் மேல் பகுதியை மட்டும் எடுக்கும் சிகிச்சையில் மிச்சத்தின் ரத்தக் கசிவை நிறுத்த. கத்தியால் வெட்டினால் ரத்தம் மறைத்துக்கொண்டே இருக்கும், சூட்டால் வெட்டும்போது ரத்தக் குழாய்கள் அப்போதே அடைபடுவதால் டாக்டருக்குப் பார்வை தெளிவாக இருக்கும், இதுதான் இதன் பெரிய பலம். டயோடு லேசர் என்று விளம்பரம் செய்கிறார்களே, ஈறு வெட்டும்போது அதன் கண்ணாடி இழையின் நுனியைக் கருப்பாக்கித்தான் தொடங்குவார்கள். ஒளி அந்தக் கருப்பில் உறிஞ்சப்பட்டு நுனி சூடாகி அதுவே வெட்டுகிறது. அதுவும் பெருமளவு ஒரு சூடான முனைதான், அதற்காகவே இருமடங்குப் பணம் கொடுக்க வேண்டுமா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

ஆபத்துகளும் இருக்கின்றன. ஈறுக்கு அடியில் எலும்பு மிக அருகில் இருக்கிறது, எலக்ட்ரோசர்ஜரி முனை அங்கே பட்டு நின்றால் எலும்பின் அந்தப் பகுதி செத்துப்போகலாம். உலோக அடைப்பின் மேல் பட்டால் சூடு நேராகப் பற்கூழுக்குப் போகும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்தால், அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல்லில் சூடு நிற்கிற மாதிரி, முந்தைய இழுப்பின் சூடு சதையில் நின்றுகொண்டிருக்க அடுத்ததும் அதன் மேல் ஏறிவிடும். அதனால் நல்ல கை உள்ளவர் ஒரு இழுப்பு, சில வினாடி இடைவெளி, அடுத்த இழுப்பு என்றுதான் போவார். நடுநடுவே அவர் சும்மா நிற்பது போலத் தெரிந்தால், அந்தச் சும்மா நிற்பதும் சிகிச்சைதான். கருகிய வாடை வரும், முதல் முறை என்றால் திடுக்கிடும், முன்கூட்டியே சொல்லிவிடுவது டாக்டரின் கடமை என்றே நினைக்கிறேன். புகையை உறிஞ்ச சக்ஷனை வாய்க்குப் பக்கத்திலேயே பிடித்திருக்க வேண்டும். ஸ்பிரிட் நனைத்த பஞ்சு பக்கத்தில் இருக்கவே கூடாது.

டாக்டரிடம் போகும்போது நீங்கள் சொல்ல வேண்டியது: வலி சூட்டில் வருகிறதா குளிரிலா, காபியை விழுங்கிய பிறகு எவ்வளவு நேரம் நிற்கிறது, இரவில் தானாக எழுப்புகிறதா, கடைசியாக எப்போது மாத்திரை போட்டீர்கள். வீட்டிலேயே சூடான ஸ்பூனை வைத்துப் பார்ப்பதெல்லாம் வேண்டாம். கன்னம் வீங்கியிருந்தால் உப்பு ஒத்தடமும் வெளியிலிருந்து கொடுக்காதீர்கள், உள்ளே சீழ் இருக்கும்போது சூடு வீக்கத்தைக் கூட்டிவிடும்.

ஈறில் வேலை முடிந்த பிறகு ஓரிரு நாள் காரமும் சுடச்சுடச் சாப்பாடும் வேண்டாம், தயிர்சாதம், ஆறிய கஞ்சி போதும். மரத்துப்போன இடம் திரும்பும்வரை உதட்டைக் கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டிய இடத்தில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு படலம் தெரியும், அது சீழ் இல்லை, புண் ஆறும்போது மேலே கட்டும் மூடி, பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். கத்தியால் வெட்டியதைவிட ஆறச் சில நாள் கூடுதலாகப் பிடிக்கலாம். வலி நாளுக்கு நாள் குறைவதற்குப் பதில் மூன்று நான்கு நாள் கழித்து ஏறினாலோ, வெள்ளையாகக் கெட்டியாக எலும்பு மாதிரி ஏதாவது நாக்கில் தட்டுப்பட்டாலோ, காத்திருக்காமல் அதே டாக்டரிடம் திரும்பப் போய்க் காட்டிவிடுங்கள்.